பொருள்: டிஸெபிலிட்டி: 'இயலாமை'யா, 'செயலிடரா'?

குழுவினருக்கு வணக்கம்.

சிஸ்டமிக் ஸ்கிளீரோசிஸ் (தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் நோய்) நெடுநாளாக உள்ளவர்களிடம், அன்றாட வேலைகளில் எவ்வளவு சிரமம் என்று அளக்கக் கேட்கும் ஹெச்ஏக்யூ வினாநிரலைத் தமிழாக்கும்போது, டிஸெபிலிட்டிக்கு 'இயலாமை' என்பது இடிக்கிறது. எட்டுப் பிரிவு, 20 கேள்வி; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். சிரமமே இல்லை என்றால் 0, செய்யவே முடியாது என்றால் 3. அப்படியானால் 'இயலாமை' 3-க்கு மட்டும்தானே பொருந்தும்? சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக் கடைசியில் போட்டுவிடுகிறவருக்கு இயல்கிறது, இடரோடு. எனவே 'செயலிடர்' என்பது என் பரிந்துரை. 'செயலிடர் மதிப்பெண் 1.25' என்று சொல்லிப் பாருங்கள், வாயில் நிற்கிறது. 'முடக்கம்' வேண்டாம், அதை முடக்குவாதம் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

நோயின் பெயருக்குத் 'தோல் இறுக்க நோய்' போதும். இணையத்தில் உலவும் 'முறையான தடிப்பு' எந்திரம் பெயர்த்தது. முறைகேடான தடிப்பு என்று ஒன்று உண்டா என்ன?

---

> எனவே 'செயலிடர்' என்பது என் பரிந்துரை

வணக்கம் ஐயா. உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2001 வகைப்பாட்டில் டிஸெபிலிட்டிக்குள் உடற்குறை, செயல் வரம்பு, பங்கேற்புத் தடை மூன்றும் அடக்கம். உங்கள் சொல் நடுவில் இருப்பதைத்தான் பிடிக்கிறது. ஹெச்ஏக்யூ அளப்பதும் பெரும்பாலும் அதையே என்பதால் இங்கே செல்லும்.

எனக்குக் கவலை 'கான்ட்ராக்சர்', அதாவது மூட்டு நீட்ட முடியாமல் இறுகிப்போவது, பற்றித்தான். வரைவில் 'சுருக்கம்' என்றிருக்கிறது. இந்த நோயில் தோல் இழுபட்டு, முகத்துச் சுருக்கங்கள் மறைந்துபோகும். படிப்பவர் நேர்மாறாகப் புரிந்துகொள்வார். 'விறைப்பு' என்பதும் ஆகாது. காலையில் எழும்போது வரும் விறைப்பு அசைக்க அசைக்க விடும். இதில் இன்னொருவர் பிடித்து நீட்டினாலும் விரல் நீளாது. பொதுவாக 'மூட்டிறுக்கம்', விரல் மடங்கியே நின்றுவிட்டால் 'மடக்கிறுக்கம்' எனலாம்.

இந்தச் சொல்லைத் தெளிவாக வைக்கக் காரணம் உண்டு. உடலெங்கும் பரவும் வகையில், 17 இடங்களில் கிள்ளிப் பார்த்து 51-க்குப் போடும் தோல் மதிப்பெண், முதல் சில ஆண்டுகளுக்குப் பின் பலருக்கு இறங்கிவிடும். மூட்டிறுக்கம் இறங்காது. தோல் மென்மையாகியும் செயலிடர் குறையாதவர்களுக்குக் கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிறகு மூச்சிரைப்பு, வலி, அயர்ச்சி, மனச்சோர்வு.

இவற்றைக் 'காரணிகள்' என்றும் எழுத வேண்டாமே. அதற்குள் 'காரணம்' உட்கார்ந்திருக்கிறது. மனச்சோர்வால் செயலிடரா, செயலிடரால் மனச்சோர்வா என்பதை ஒரே நாளில் எடுத்த அளவீடு சொல்லாது. 'தொடர்புக்கூறு' சரிவரும்.

---

அம்மா சொன்ன மூன்றும் சரி. 'தொடர்புக்கூறு' மட்டும் பழகக் கொஞ்ச நாளாகும்.

ஒன்று விட்டுப்போயிற்று. இந்த நோய்க்கென்று ஹெச்ஏக்யூவோடு ஐந்து கோட்டளவைகள் (ஒரு கோட்டில் குறி போட்டுத் தீவிரத்தைக் காட்டுபவை) சேர்த்திருக்கிறார்கள்: ரேனோ (குளிரில் விரல்கள் வெளுத்துப்போவது), விரல்நுனிப் புண், குடல், நுரையீரல், ஒட்டுமொத்தத் தீவிரம். அவை எட்டுப் பிரிவுச் சராசரியில் சேராது, தனித்தனியே நிற்கும். அங்கும் 'செயலிடர்' போட்டால் மதிப்பெண் போடுகிறவர் கூட்டிவிடுவார். அந்த ஐந்துக்கும் 'இடையூறு' என்று வைத்து, திருத்திய வரைவை இன்று இரவு அனுப்புகிறேன்.