வீடு வீடாக ஏறினால் பாலிசி விழுமா?

அவிநாசிரோடு_புதுசு
ஏஜென்ட் ஆவதற்கான ஐசி-38 தேர்வு பாஸாகி, ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் ஆகி நாலு மாதம் ஆகிறது. திருப்பூரில் இருக்கிறேன். சித்தப்பா, மாமா பையன், கூடப் படித்தவர்கள் என்று தெரிந்த ஆட்களிடம் 7 பாலிசி போட்டாச்சு. இனிமேல் கேட்டால் உறவு முறிந்துவிடும். போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் என்னைப் பார்த்ததும் பெரியப்பா "பந்திக்குப் போறேன்" என்று எழுந்துவிட்டார். அப்போது இலையே போடவில்லை.

எங்களை வேலை வாங்கும் டெவலப்மென்ட் ஆபீசர் தினமும் 20 வீடு ஏறச் சொல்கிறார். மூணு வாரத்தில் கிட்டத்தட்ட 240 வீடு ஏறிவிட்டேன். உட்காரச் சொன்னவர்கள் 11 பேர். விழுந்த பாலிசி 1. இது இந்தக் காலத்தில் வேலைக்கு ஆகுமா?

பழைய_டிவிஎஸ்50
தம்பி, 240 வீட்டை ஒரு தடவை ஏறினீர்களா, 60 வீட்டை நாலு தடவை ஏறினீர்களா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

26 வருடமாக இதே தொழில். புதுத் தெருவில் முதல் தடவை போகும்போது நான் பையையே திறப்பதில்லை. "வீட்டில் கட்டாமல் நின்றுபோன பழைய பாலிசி ஏதாவது இருக்கிறதா?" என்று மட்டும் கேட்பேன். நிறைய வீட்டில் இருக்கும். போட்டுக்கொடுத்த ஏஜென்ட் தொழிலை விட்டிருப்பார். கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசியில் நாமினி இன்னும் அம்மாவாகவே இருப்பார், மனைவிக்கு அந்தப் பாலிசி இருப்பதே தெரியாது. நாமினி மாற்றும் படிவத்தை நிரப்பிக் கொடுத்து ஆபீசில் போட்டுவிட்டு வந்தால் அடுத்த தடவை தண்ணீர் கேட்காமலே வரும்.

அப்புறம் நேரம். பனியன் கம்பெனி ஆட்களுக்குச் சனிக்கிழமை சம்பளம். லைன் வீடுகளுக்கு ஞாயிறு காலை, கறிக்கடைக்குப் போய் வந்த பிறகு, சோறு ஆவதற்கு முன் போங்கள். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். நீங்கள் நம்பாவிட்டாலும் கையெழுத்துப் போடுகிறவர் நம்புவார். ஆடி மாதத்தில் புதுப் பேச்சே எடுக்காதீர்கள், பழைய பாலிசி வேலையை மட்டும் பாருங்கள்.

ரசீது_எங்கே
கேட்க நன்றாக இருக்கிறது சார். கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து ஒன்று சொல்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் அம்மா தனியாக இருந்த மதிய நேரம் ஒருவர் வந்தார். அம்மாவுக்கு அப்போது 57 வயது, சர்க்கரை இருக்கிறது. "அஞ்சு வருஷம் கட்டினா போதும், அப்புறம் பென்ஷன் மாதிரி வரும்" என்றார். படிவத்தை அவரே நிரப்பினார். சர்க்கரை நோய் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டார், மெடிக்கல் டெஸ்ட் இல்லாமல் முடியவேண்டும் என்பதற்காக. பத்திரம் கையில் கிடைத்துப் பிரித்துப் பார்த்தால் பிரீமியம் 12 வருடம். வேண்டாம் என்று பாலிசியைத் திருப்பிக் கொடுக்க அப்போது இருந்த 15 நாள் அதற்குள் ஓடிவிட்டது.

பழகிய முகம், நாமினி மாற்றிக் கொடுத்த நல்லவர் என்ற நம்பிக்கையில்தான் ஆட்கள் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். நீங்கள் சொல்லும் உத்தியே அந்த நம்பிக்கையை உண்டாக்கத்தானே?

பழைய_டிவிஎஸ்50
அந்த ஆள் செய்தது அயோக்கியத்தனம், மறுக்கவில்லை. நோயை மறைத்து எழுதினால் மூணு வருடத்துக்குள் இறப்பு நேர்ந்தால் கம்பெனி கிளெய்மை நிராகரிக்க வழி இருக்கிறது. காப்பீட்டுச் சட்டம் 1938-இன் 45-வது பிரிவுப்படி மூணு வருடம் தாண்டிவிட்டால்தான் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. அதனால்தான் மகனோ மகளோ வீட்டில் இருக்கும்போது மட்டும் நான் படிவம் நிரப்புவேன். இப்போது திருப்பிக் கொடுக்கும் அவகாசம் 30 நாள் ஆகியிருக்கிறது. அதையும் பத்திரம் கொடுக்கும்போதே சொல்லிவிடுவேன். அவர் கெட்டவர் என்பதற்காகக் கதவு தட்டுவதே தப்பு என்று ஆகிவிடுமா?

ரீல்ஸ்_அட்வைசர்
இரண்டு பேரும் பழைய காலத்திலேயே நிற்கிறீர்கள். அபார்ட்மெண்ட்டில் வாட்ச்மேனைத் தாண்டி லிஃப்ட்டுக்கே போக முடியாது. நான் வாரம் ரெண்டு வீடியோ போடுகிறேன், கேட்பவர்கள் தாங்களாகவே மெசேஜ் அனுப்புகிறார்கள். இறந்தால் மட்டும் பணம் வரும் டேர்ம் பாலிசி மட்டும்தான் விற்கிறேன். வீடு ஏறுகிறவர்கள் எண்டோமென்ட், மணிபேக் என்று சேமிப்பும் சேர்ந்த பாலிசிகளைத் தவிர வேறு எதையாவது விற்றுப் பார்த்திருக்கிறீர்களா? கமிஷன் பிரீமியத்தில் சதவீதம். டேர்முக்குப் பிரீமியம் குறைவு, ஆகவே கமிஷனும் சொற்பம். அந்தச் சொற்பத்துக்காக வெயிலில் யார் ஏறுவார்கள்?

பழைய_டிவிஎஸ்50
இது சரியான அடி. டேர்மை வாசலில் வைத்து விற்பது கஷ்டம்தான், கமிஷன் மட்டும் காரணம் இல்லை. "செத்தாத்தான் காசா? உசுரோட இருந்தா ஒண்ணும் கிடையாதா?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் குக்கர் விசில் அடித்துவிடும். ஆனால் உங்கள் வீடியோவைப் பார்ப்பவர் யார்? ஐடி கம்பெனிக்காரர். பனியன் கம்பெனி செக்கிங் மேசையில் நிற்கும் பெண்ணுக்கு அது போய்ச் சேராது.

ஸ்கூட்டி_அக்கா
அந்தப் பெண்கள்தான் என் வாடிக்கையாளர்கள், அதனால் நான் பேசலாம்.

நான் முதலில் சொல்வது வங்கியில் கிடைக்கும் ஜீவன் ஜோதி திட்டம். வருடத்துக்கு 436 ரூபாய், 18 முதல் 50 வயது வரை சேரலாம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். எனக்கு அதில் ஒரு பைசா கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு லைன் வீட்டில் ஆறு பெண்களுக்கு பேங்க் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். அதில் மூணு பேர் பிறகு என்னிடம் பாலிசி எடுத்தார்கள்.

தம்பிக்கு யாரும் சொல்லாத ஒன்று. வாசலில் "முதல் தவணையை நீங்களே கட்டிடுங்க" என்று கேட்பார்கள். தெருவில் ஒருவருக்குச் செய்தால் தெரு முழுக்கக் கேட்கும். இப்படி நம் கமிஷனில் பங்கு கொடுப்பது அதே காப்பீட்டுச் சட்டத்தின் 41-வது பிரிவுப்படி குற்றம், 10 லட்சம் வரை அபராதம். முதல் நாளே "முடியாதுங்க" என்றுவிடுங்கள். அதனால் நான் இழந்த பாலிசிகளை எண்ணினால் கண்ணீர் வரும், அது வேறு கதை.

இன்னொன்று, பெண் ஏஜென்ட்டுகளை '20 வீடு' என்று தனியாக விரட்டும் ஆபீசர்கள் ஒரு நாள் அவர்களே ஏறிப் பார்க்கட்டும். ஆண் மட்டும் இருக்கும் வீட்டில் நான் வாசல்படி தாண்ட மாட்டேன். அன்றைய கணக்கில் 14 வந்தாலும் சரி.

ரசீது_எங்கே
அக்கா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் எத்தனை பேர் உங்களைப் போல? எங்கள் வாசலுக்கு வருபவரில் யார் நீங்கள், யார் அந்த ஆள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு பேரும் அதே சிரிப்புதான் சிரிக்கிறார்கள்.

ஸ்கூட்டி_அக்கா
அடையாள அட்டை, ஏஜென்சி கோட் கேளுங்கள். படிவத்தை வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். "இன்னைக்கே போட்டாத்தான்" என்று அவசரப்படுத்தினால் கதவைச் சாத்துங்கள், என்னையும் சேர்த்து.

அவிநாசிரோடு_புதுசு
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். புது வீடு ஏறவில்லை. ஏற்கனவே உட்காரச் சொன்ன அந்த 11 வீட்டுக்கு மட்டும் மறுபடி போய், பழைய பாலிசி பற்றிக் கேட்டேன். ஒரு பாட்டி பீரோவிலிருந்து மகன் பெயரில் ஒரு பத்திரம் எடுத்தார். கட்டாமல் நின்று மூணு வருடம் ஆகிறது. ஐந்து வருடத்துக்குள் என்றால் வட்டி கட்டிப் புதுப்பிக்கலாம் என்று ஆபீசில் சொன்னார்கள், உடல்நல உறுதிமொழிப் படிவம் வாங்கிக் கொடுத்தேன். பாட்டி, கோவையில் இருக்கும் மகள் நம்பரைக் கொடுத்து "அவளுக்கும் பேசு" என்றார்.

ரீல்ஸ்_அட்வைசர்
இது ரெஃபரன்ஸ் புரோ. கதவு தட்டல் கணக்கில் சேராது.

பழைய_டிவிஎஸ்50
பாட்டி உங்கள் ரீல்ஸ் பார்த்தா பீரோவைத் திறந்தார்?