ஈரோடு நூல் கைவேலைத் திருவிழாவுக்குத் தறி தேவை

வணக்கம் நண்பர்களே. ஆகஸ்ட் 7, தேசியக் கைத்தறி நாளையொட்டி ஈரோட்டில் நூல் கைவேலைத் திருவிழா ஒன்றை நடத்த நாங்கள் சிலர் இறங்கியிருக்கிறோம். மண்டபம் கிடைத்துவிட்டது. சிக்கல் தறியில்தான்.

பவானி ஜமக்காளத்தைக் கண்முன்னே நெய்து காட்ட ஆசை. ஆனால் அது குழித்தறி வேலை. நெசவாளர் குழிக்குள் காலை விட்டு மிதிக்க வேண்டும். அகல ஜமக்காளம் என்றால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வார்கள். மண்டபத் தரையைத் தோண்ட உரிமையாளர் விடுவாரா என்ன! குழி தேவைப்படாமல் தரைமேல் நிற்கும், பிரித்துக் கொண்டுவந்து பூட்டக்கூடிய சட்டத்தறி யாரிடமாவது இருந்தால் வாடகைக்குக் கொடுங்கள். ஏற்றி இறக்கும் செலவு எங்களுடையது. பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) பிணைக்கத் தெரிந்த ஒருவரும் கூட வந்தால் பெரிய உதவி.

அப்புறம், பூத்தையல் போடும் தோடர் பெண்களை அழைக்க நினைக்கிறோம். துணியில் எதையும் வரைந்துகொள்ளாமல் இழையை எண்ணியே கருப்பு, சிவப்பு நூலில் தைப்பார்கள். மேடையில் ஏற்றினால் ஒன்றும் தெரியாது, அருகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஊட்டிப் பக்கம் அவர்களோடு பழக்கமுள்ளவர்கள் சொல்லுங்கள். பயணம், தங்குமிடம், நாள்கூலி எல்லாம் தருவோம். ‘விளம்பரம் கிடைக்குமே’ என்று சும்மா கூப்பிடுவது எங்களுக்குப் பிடிக்காது. பத்தமடைப் பாய் நெய்பவர்களுக்கும் இதே ஏற்பாடுதான்.

கடை போட விரும்புவோருக்கு ஒரு வார்த்தை: விசைத்தறி ஜமக்காளம் வேண்டாம். 1985 கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி அது கைத்தறிக்கு ஒதுக்கிய ரகம்.

தறி பற்றித் தெரிந்தவர்கள் முதலில் எழுதுங்கள், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.