200-500ஆ, 150-600ஆ? கூந்தன்குளத்துக்குப் போகும்முன் ஒரு கேள்வி

திருநெல்வேலியிலிருந்து

வணக்கம் நண்பர்களே. என்னிடம் நிகான் டி7200 கேமரா இருக்கிறது, கூடவே ஒரு பழைய 70-300 மில்லிமீட்டர் லென்ஸ் (எண் பெரிதாக ஆக, தூரத்துப் பறவை கிட்டே தெரியும்). நாலு வருஷமாக நயினார்குளம், கூந்தன்குளம், விஜயநாராயணம் என்று பறவைகள் வரும் இடங்களைச் சுற்றி எடுத்த படங்களில் பாதி, "நடுவில் ஒரு புள்ளி தெரிகிறதே, அதுதான் வாத்து" என்று விரல் வைத்துக் காட்ட வேண்டியவை. இனி தாங்காது என்று பணம் சேர்த்துவிட்டேன். மனது இரண்டு லென்ஸுக்கு நடுவே ஊசலாடுகிறது. ஒன்று நிகானின் 200-500 எஃப் 5.6 (எஃப் எண் சின்னதாக இருந்தால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம்), இன்னொன்று சிக்மாவின் 150-600 கன்டெம்பரரி. எனக்குக் கிடைத்த விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

நான் பள்ளிக்கூட வாத்தியார். சனி, ஞாயிறு காலையிலும், வாரத்தில் ஓரிரு நாள் சாயங்காலமும்தான் போக முடியும். போவது ஸ்கூட்டரில். வீட்டில் ஒரு தடவைதான் சம்மதம் கிடைக்கும், தப்பாக வாங்கிவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. படிக்க வேண்டியதை நானும் நிறையப் படித்துவிட்டேன். கையில் வைத்துப் பழகியவர்கள் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து

நாலு வருஷமாக சிக்மா 150-600தான் வைத்திருக்கிறேன், சார். அதிகம் போவது வேடந்தாங்கல். அங்கே கரையில் நின்றபடி, தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் உட்கார்ந்திருக்கிற நத்தைகுத்தி நாரையையும் கூழைக்கடாவையும் எடுக்க வேண்டும். கிட்டே போக வழியில்லை, போகவும் கூடாது. அந்த இடத்தில் 600 உதவுகிறது என்பதை மறுக்க மாட்டேன்.

ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 500-ஐவிட 600 ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதல். உங்கள் பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, 24 மெகாபிக்சல். 500-இல் எடுத்த படத்தை 600 அளவுக்கு வெட்டினாலும் ஏறக்குறைய 17 மெகாபிக்சல் மிச்சம் இருக்கும். சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பிரிண்ட் போட அது தாராளம். அதனால் அந்த நூறு மில்லிமீட்டரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

நான் சிக்மா பக்கம் சாய்ந்தது எடையால். அது 1930 கிராம். 200-500, டிரைபாடில் பொருத்துவதற்கான அதன் வளையத்தோடு சேர்த்து 2300. காகிதத்தில் சின்ன வித்தியாசம், மூன்றாவது மணி நேரத்தில் தோளுக்குத் தெரியும். இன்னொன்று, ஜூம் தானாக நகராமல் பிடித்து நிறுத்தும் பூட்டு. சிக்மாவில் குறித்திருக்கிற பல இடங்களில் பூட்டிக்கொள்ளலாம், நிகானில் 200-இல் மட்டும்தான்.

அப்புறம் லென்ஸுக்குச் சம்பந்தமில்லாத ஒரு விஷயம். ஏசி காரில் போய் இறங்கியதும் லென்ஸை வெளியே எடுக்காதீர்கள். கண்ணாடியில் ஆவி படிந்து அது விலகுவதற்குள் நல்ல வெளிச்சம் போய்விடும். ஒரு முழு காலையை நான் அப்படித் தொலைத்தேன். ஸ்கூட்டர்காரருக்கு இந்தக் கவலை இல்லை!

தூத்துக்குடியிலிருந்து

தம்பி, நான் 200-500 ஆள். எஃப் 5.6, எந்த நீளத்தில் வைத்தாலும் அதே 5.6. சிக்மா 600-க்குப் போகும்போது 6.3 ஆகிவிடும். மூன்றில் ஒரு ஸ்டாப்தானே என்பார்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). சரி, மூன்றில் ஒன்றுதான். கேமராவின் ஒளி உணர்திறனைச் சொல்லும் ஐஎஸ்ஓ, அங்கே 2500 கேட்கிற வெளிச்சத்தில் இங்கே 2000 போதும். பகலில் இது ஒன்றுமே இல்லை. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குப் பறவை கூடு திரும்பும்போது, ஏற்கெனவே மூச்சு வாங்குகிற கேமராவுக்கு அந்தக் கொஞ்சமும் வேண்டியிருக்கிறது. நீங்கள் சாயங்காலம் போகிறவர் என்பதால் சொல்கிறேன்.

இரண்டு லென்ஸுக்கும் பொதுவான ஒரு கதையும் உண்டு. வாங்கிய புதிதில் உப்பளத்துக்குப் போய் நெடுங்கால் உள்ளானை எடுத்துக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணிப் படங்களில் கண்ணின் சிவப்பு வளையம்கூடத் துல்லியம். பத்து மணிப் படங்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் எடுத்தது மாதிரி. லென்ஸ் கெட்டுப்போயிற்று என்றே முடிவு கட்டினேன். பாடியில் ஃபோகஸ் திருத்தத்தைக் கூட்டினேன், குறைத்தேன். வீட்டுக்கு வந்து சுவரில் செய்தித்தாளை ஒட்டி எடுத்துப் பார்த்தால் எழுத்து ஒவ்வொன்றும் பளிச்சென்று இருக்கிறது. மறுநாள் உப்பளத்தில் மறுபடியும் அதே கூழ்.

கடைசியில்தான் புரிந்தது. அது கானல். சூடேறிய தரையிலிருந்து காற்று எழும்பும்போது வெளிச்சம் வளைந்து வளைந்து வருகிறது. வெறும் கண்ணுக்கு லேசாக ஆடுகிற மாதிரி இருப்பதை 500 மில்லிமீட்டர் பெரிதாக்கிக் காட்டுகிறது, 600 இன்னும் பெரிதாக்கும். எந்த லென்ஸும் இதைத் தாண்டாது. கிட்டத்தில் இருக்கிற பறவைக்குப் பாதிப்பு குறைவு, தூரத்தில் இருப்பதற்கு அதிகம். ஆக, எதற்காக அந்த நீளத்தை வாங்குகிறோமோ அந்தத் தூரத்துப் பறவைதான் நம் ஊர் வெயிலில் முதலில் கெடுகிறது. இப்போதெல்லாம் ஒன்பது மணிக்குமேல் தூரத்துப் படம் எடுக்க மெனக்கெடுவதே இல்லை, டீக்கடைக்குப் போய்விடுவேன்.

நாகர்கோவிலிலிருந்து

வாத்தியார் சாருக்கு டி7200 இருப்பதால் பிழைத்தார். என்னிடம் அப்போது இருந்தது டி90. ஆசை ஆசையாக 200-500 வாங்கி மாட்டினேன். படம் வருகிறது, ஆனால் 5.6-இலிருந்து எஃப் 8-க்குப் போக முடியவில்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த லென்ஸ் பெயரில் 5.6-க்குப் பின்னால் 'இ' என்று ஓர் எழுத்து இருக்கிறது. உள்ளே இருக்கும் துவாரத்தை மின்சார சமிக்ஞையால் திறந்து மூடுகிற வகை. டி90 போன்ற பழைய பாடிகளுக்கு அந்த மொழி தெரியாது. கடைக்காரரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஓர் எழுத்துக்காக ஒரு புது பாடி வாங்கினேன்.

பழைய லென்ஸ் வாங்குகிற எண்ணம் இருந்தால், செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரித் தெரிந்தால் அது பூஞ்சை, பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். கடற்கரை ஊர்களில் இது சாதாரணம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிகா ஜெல்லும் வாங்க லென்ஸ் விலையில் துளிகூட ஆகாது.

கோவையிலிருந்து

நான் இரண்டையும் தூக்கிப் பார்த்தவள், அண்ணா. என் கணவரிடம் நிகான், என்னிடம் சிக்மா. வால்பாறையில் சோலைமந்தி ரோட்டோரத்துக்கே வந்து உட்கார்ந்துவிடும். அங்கே இரண்டுமே அதிகப்படி, முகத்தைத் தவிர வேறொன்றும் ஃபிரேமில் அடங்காது. மலை இருவாச்சி பறக்கும்போது இரண்டுமே போதாது. நடுவில் இருக்கும் விஷயம் தும்பியும் பட்டாம்பூச்சியும். நிகான் 2.2 மீட்டரிலேயே ஃபோகஸ் ஆகிவிடும், சிக்மாவுக்கு 2.8 வேண்டும். நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து தேயிலைச் செடிக்குள் விழுந்திருக்கிறேன். தும்பிப் பைத்தியம் இருந்தால் நிகான், இல்லையென்றால் தோளைக் கேட்டு முடிவு பண்ணுங்கள்.

மதுரையிலிருந்து

இரண்டும் வேண்டாம். நிகானின் கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) இசட் பாடிக்கு மாறி 180-600 வாங்கிவிடுங்கள். ஜூம் பண்ணினாலும் லென்ஸ் வெளியே நீளாது.

திருநெல்வேலியிலிருந்து

மதுரை அண்ணாச்சிக்கு: பாடி, லென்ஸ் இரண்டுக்கும் பணம் நீங்கள் அனுப்புவதாக இருந்தால் முகவரி தருகிறேன்.

மற்ற எல்லோருக்கும் நன்றி. ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன், நடந்ததைச் சொல்லாமல் விட்டால் தப்பு. பிப்ரவரியில் ஒரு வார இறுதிக்கு இரண்டு லென்ஸையும் வாடகைக்கு எடுத்தேன். நண்பர் ஒருவரிடமும் நிகான் பாடி உண்டு, ஆளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு கூந்தன்குளம் போனோம். மணிக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்வது என்று ஒப்பந்தம்.

முதலில் குளக்கரை. வரித்தலை வாத்துக் கூட்டம் நடுத்தண்ணீரில். 600-இல் எடுத்ததும் 500-இல் எடுத்து வெட்டியதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது எது என்று எனக்கே சந்தேகம். தூத்துக்குடி அண்ணாச்சி சொன்ன கானல் எட்டரை மணிக்கே ஆரம்பித்துவிட்டது. அதற்கப்புறம் இரண்டும் ஒரே கூழ்.

சரி என்று ஊருக்குள் வந்தோம். போகாதவர்களுக்குச் சொல்கிறேன், கூந்தன்குளத்தில் பறவைகள் குளத்தோடு நிற்பதில்லை. தெருவோர மரத்தில், வீட்டுக் கொல்லை மரத்தில் என்று மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டி வைத்திருக்கும். கீழே துணி காய்கிறது, மேலே குஞ்சு கத்துகிறது, தெருவெல்லாம் எச்சம். யாரும் விரட்டுவதில்லை. அந்த எச்சம் விழுந்த மண் வயலுக்கு உரமாகப் போகிறது.

இங்கேதான் என் கணக்கெல்லாம் தலைகீழானது. அப்போது என் கையில் 200-500. பத்து மீட்டர் தூரத்து மரம். ஒரு நாரை வாயில் குச்சியோடு இறங்குகிறது, சிறகை முழுக்க விரித்து. படமாக எடுத்துத் தள்ளினேன். பார்த்தால் எல்லாவற்றிலும் சிறகு நுனி வெட்டுப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். என் கேமராவில் 200 மில்லிமீட்டருக்கு, பத்து மீட்டர் தூரத்தில் ஃபிரேமின் அகலம் 1.2 மீட்டர்கூட வராது. 150-இல் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே கிடைக்கும். நாரையின் விரித்த சிறகு ஒன்றரை மீட்டர் வாக்கில் இருக்கும். மட்டுமட்டாக அடங்கும், அவ்வளவுதான். ஆனால் அடங்கும்! நண்பர் சிக்மாவில் எடுத்த படத்தில் இரண்டு நுனியும் இருந்தன, குச்சியும் இருந்தது. பின்னால் நகர்ந்து எடுக்கலாமே என்பீர்கள். பின்னால் சுவர்.

நாம் எல்லோரும் இத்தனை நாள் 500-ஆ 600-ஆ என்று நீண்ட பக்கத்தைப் பற்றியே பேசியிருக்கிறோம். குட்டைப் பக்கத்தில் இருந்த ஐம்பது மில்லிமீட்டரை, என்னையும் சேர்த்து, யாரும் கவனிக்கவில்லை. வேறு ஊர்க்காரருக்கு இது ஒரு பொருட்டாகவே இருக்காது. எனக்கு வருஷத்தில் பாதி ஞாயிறு அந்தத் தெருவில்தான் போகிறது.

சாயங்கால வெளிச்சம் விஷயத்தில் அண்ணாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, அதில் நிகானுக்குத்தான் என் ஓட்டு. இருந்தும் சிக்மாவை வாங்கிவிட்டேன். ஸ்கூட்டரில் முன்பக்கம் பையை வைத்துக்கொண்டு சுமார் 35 கிலோமீட்டர் போகிறவனுக்கு அந்த 370 கிராமும் ஒரு காரணம்.

ஒரே ஒரு விஷயத்தை யாருமே சொல்லவில்லை. சிக்மாவின் ஜூம் வளையம் நிகானுக்கு எதிர்த்திசையில் திரும்புகிறது. நாலு வருஷம் 70-300-இல் பழகிய கை. போன ஞாயிறு நயினார்குளத்தில் வெண்மார்பு மீன்கொத்தி ஒன்று மீனோடு என் பக்கத்துக் கல்லில் வந்து உட்கார்ந்தது. அவசரத்தில் 150-க்குப் போவதாக நினைத்து 600-க்குத் திருப்பிவிட்டேன். ஃபிரேம் முழுக்க நீலம். அது சிறகா, வானமா என்று வீட்டில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.