புதுப்பிப்பு: டூசான் ஊர்சுற்றல், சைவச் சாப்பாடு, கோடை வெயில்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசான் நகரம் பற்றிய முந்தைய பதிவில் அதிகம் வந்த கேள்வி: சைவர்கள் அங்கே என்ன சாப்பிடுவது? மெக்சிகன் உணவகங்களின் உணவுப் பட்டியலில் இறைச்சி இல்லாததெல்லாம் சைவம் என்று நம்பிவிடாதீர்கள். மசித்த பீன்ஸில் (காய் அல்ல, வேகவைத்த பயறு) பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். சப்பாத்தி போன்ற கோதுமை டோர்ட்டியாவின் மாவிலும் பெரும்பாலும் அது இருக்கும். தக்காளி சேர்த்த சிவப்புச் சோற்றைப் பல இடங்களில் கோழிச்சாற்றில்தான் வேகவைப்பார்கள். பன்றிக் கொழுப்புக்கு ஸ்பானிஷில் மான்டேகா; "மான்டேகா இருக்கிறதா?" என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். முழு பீன்ஸ், சப்பாத்திக்கள்ளி மடலில் செய்யும் நோபாலெஸ், சோள டோர்ட்டியா ஆகியவற்றில் சிக்கல் குறைவு, ஆனாலும் கேட்டுவிடுங்கள். மிளகளவே இருக்கும் சில்டெபின் மிளகாய் நம் காந்தாரியின் பங்காளி. ஒன்றை நசுக்கினால் ஒரு கிண்ணத்துக்குப் போதும்.

அசைவர்களுக்கு சோனோரா ஹாட் டாக். பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டு) சுற்றிய சாஸேஜ், மேலே பீன்ஸ், தக்காளி, வெங்காயம், மயோனைஸ். கையில் ஒழுகும், நின்றுகொண்டே சாப்பிடுங்கள்.

சகுவாரோ என்ற உயரமான கள்ளிச்செடியின் பெயர்கொண்ட சகுவாரோ தேசியப் பூங்கா நகரத்தின் கிழக்கிலும் மேற்கிலும் இரு துண்டாக இருக்கிறது. ஒரே நுழைவுச்சீட்டு இரண்டுக்கும் 7 நாள் செல்லும். கோடையில் நடை காலை 9 மணிக்குள் முடிந்துவிட வேண்டும், மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கணக்கு.

மதியத்துக்கு நகருக்கு அருகிலுள்ள லெமன் மலை. உச்சி 2,791 மீட்டர், கீழே 40 டிகிரி கொதித்தாலும் மேலே குளிர்காற்று. பெட்ரோலை நகரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை வரும். வறண்ட ஓடை நிமிடங்களில் வெள்ளமாகும். வெள்ளம் ஓடும் சாலையில் வைத்த தடுப்பைத் தாண்டி வண்டி ஓட்டிச் சிக்கினால் மீட்புச் செலவை ஓட்டுநரிடமே வசூலிக்க மாநிலச் சட்டம் இருக்கிறது.