புல்வெளிச் சரணாலயத்தில் பறவைக் கணக்கெடுப்பு: புள்ளியா, கோடா?

கொருக்குப்பேட்டை கௌதாரி:
ஜனவரியில் ஆந்திராவின் ரோல்லபாடு சரணாலயத்துக்கு ஆறு பேர் போறோம். சுமார் 6 சதுர கி.மீ. புல்வெளி, நடுநடுவே முட்புதர். மூணு காலைப்பொழுது கையில் இருக்கு, ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கிற கருவி) ரெண்டு. இனப் பட்டியலோட அடர்த்தியும் (சதுர கி.மீ.க்கு எத்தனை பறவைன்னு) வேணும். புள்ளி புள்ளியா நின்னு எண்ணுறதா, நேர்கோடு போட்டு அதுல நடந்து எண்ணுறதா?

உப்பளத்து ஆள்காட்டி:
நடங்க. வானம்பாடி, காடை, நெட்டைக்காலி எல்லாம் புல்லுக்குள்ள அசையாம பதுங்கும். ஒரே இடத்துல பத்து நிமிஷம் நின்னா பாதி கண்ணுலயே படாது. கால் பக்கத்துல வந்தாத்தான் எழும்பும்.

மூணு பேரா ரெண்டு குழு: ஒருத்தர் பார்க்க, ஒருத்தர் அளக்க, ஒருத்தர் எழுத. 1 கி.மீ. கோடு ஆறு, ஒண்ணுக்கொண்ணு 300 மீட்டராவது தள்ளி. காலைக்கு ஒரு குழு ரெண்டு கோடு, ஒரு கோட்டுக்கு 45 நிமிஷம். சூரியன் எழுந்ததும் தொடங்கி ஒன்பதுக்குள்ள முடிச்சிடுங்க. ஜீப் தடத்து மேல மட்டும் கோடு போடவே போடாதீங்க. வெறுந்தரை தேடி ஆள்காட்டியும் வானம்பாடியும் அங்கதான் கூடும், எண்ணிக்கை ஊதிப்போகும்.

பறவை எழும்பின இடத்துக்குத்தான் தூரம், போய் உக்காந்த இடத்துக்கு இல்ல. உங்ககிட்டேருந்து பறவைக்கு உள்ள நேர்தூரத்தை, கோட்டிலிருந்து அது இருக்கிற கோணத்தோட சைன் மதிப்பால பெருக்குங்க, கோட்டிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்குன்னு வரும்: 40 மீட்டர், 30 டிகிரி என்றால் 20 மீட்டர். சின்னக் கோணத்தை எல்லாம் பூஜ்யம்னு எழுதினா பறவைகள் கோட்டு மேலயே குவிஞ்ச மாதிரி ஆகும். அடர்த்தி கூடிக் காட்டும்.

கொருக்குப்பேட்டை கௌதாரி:
ஆறு கோடு, ரெண்டு தடவை, மொத்தம் 12 கி.மீ. போதுமா?

மீஞ்சூர் கீச்சான்:
எல்லா இனத்துக்கும் போதாது. ஒரு இனத்துக்கு அடர்த்தி சொல்ல 60-80 பதிவு வேணும். வானம்பாடிகளுக்கு அது கிடைக்கலாம். மத்ததுக்கு கிலோமீட்டருக்கு எத்தனைன்னு மட்டும் கொடுங்க, அதுவே நேர்மை. கூட்டமா இருந்தா ஒரு பதிவு, தலை எண்ணிக்கை தனிப் பத்தியில், தூரம் கூட்டத்தோட நடுவுக்கு. மேலே பறந்து கடக்கிற உழவாரன், பூனைப்பருந்தை அடர்த்தியில் சேர்க்காதீங்க.

இனங்கள் எத்தனை விட்டுப்போச்சுன்னு பார்க்க சாவோ-1னு ஒரு மதிப்பீட்டுச் சூத்திரம் இருக்கு, ஒரு தடவை தென்பட்ட இனங்களோட எண்ணிக்கையின் வர்க்கத்தை, ரெண்டு தடவை தென்பட்டதோட இரு மடங்கால வகுக்கணும்: 62 இனம் பார்த்து, அதில் ஒரே ஒரு தடவை தென்பட்டது 12, ரெண்டு தடவை 4 என்றால், 12×12-ஐ 8-ஆல் வகுத்தா 18. பார்த்த 62-ஓட அதைக் கூட்டினா, குறைஞ்சது 80 இனம் இருக்கும்.

வரகுக்கோழி மழைக்காலத்துப் பறவை. ஜனவரியில் காணோம்னு வெச்சு "இல்லை"ன்னு எழுதிடாதீங்க.

உப்பளத்து ஆள்காட்டி:
போறதுக்கு முன்னாடி எண்ணூர் கழிமுகத்தோரக் கரம்புல ரெண்டு ஞாயிறு பழகுங்க. 20, 40, 60 மீட்டரில் குச்சி நட்டு, கண்ணால மதிப்பிட்ட பிறகு கருவியால சரிபாருங்க. சின்னப் பறவையைக் கருவி பிடிக்காது, முன்னால நிக்கிற புல்லோட தூரத்தைக் காட்டிடும். பக்கத்துப் புதரையோ மண்கட்டியையோ குறிவையுங்க. குரல் பழக அந்த இடம் சரிவராது, கன்டெய்னர் லாரி இரைச்சல். கதிர்க்குருவி, நெட்டைக்காலி குரலை வீட்டிலேயே பதிவு போட்டுக் கேளுங்க.

சரணாலயத்துக்குள்ள ஆய்வுக்கு 1972 வனஉயிர்ச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி அந்த மாநிலத் தலைமை வனஉயிர்க் காப்பாளர் அனுமதி வேணும். கோடுகளோட வரைபடத்தை மனுவோடயே இணைச்சு இப்பவே அனுப்பிடுங்க.