ஸ்லிங் பெல்ட்டை நம்பி மூன்று கிலோவைத் தொங்கவிடலாமா?

பேட்டைவாசி

வணக்கம். நிக்கான் டி7500 கேமரா வைத்திருக்கிறேன். போன மாதம் தெரிந்தவர் ஒருவரிடம் 200-500 மி.மீ. ஜூம் லென்ஸ் பழையது வாங்கினேன். பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) பேட்டரியோடு 720 கிராம், லென்ஸ் 2,300 கிராம். ஆக மூன்று கிலோவும் கொஞ்சமும். கேமராவோடு வந்த கழுத்து பெல்ட்டில் மாட்டிக்கொண்டு கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் ஒரு காலைப்பொழுது சுற்றியதற்கே மறுநாள் பிடரியில் தைலம் தேய்க்க வேண்டியதாகிவிட்டது. தோளில் குறுக்காகப் போட்டு இடுப்போரம் தொங்கவிடும் ஸ்லிங் பெல்ட் வாங்கலாமா என்று பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பறவை, முகூர்த்த நாளில் நண்பனுக்கு உதவியாகக் கல்யாண வேலை, ஆனி மாதம் நெல்லையப்பர் தேர். மூன்றுக்கும் ஒரே பெல்ட் போதுமா? பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

கல்யாணக்கேமரா

யோசிக்கவே வேண்டாம் தம்பி, வாங்கிவிடு. பன்னிரண்டு வருடமாக மண்டபம் மண்டபமாக ஸ்லிங்கோடுதான் அலைகிறேன். கழுத்து பெல்ட்டில் எடை முழுக்கப் பிடரியில் உட்கார்ந்துகொள்ளும். ஸ்லிங் இடது தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே வந்து வலது இடுப்பில் முடியும், கேமரா அங்கே தலைகீழாகத் தொங்கும். எடையைத் தோளும் முதுகும் பங்கு போட்டுக்கொள்ளும். அதைவிட முக்கியம், படம் எடுக்கத் தூக்கும்போது பெல்ட் தோளைவிட்டு நகராது, கொக்கி மட்டும் பெல்ட்டில் வழுக்கிக்கொண்டு மேலே வரும். கெட்டிமேளம் கேட்ட பிறகு கழுத்து பெல்ட்டை விலக்கிக்கொண்டு நின்றால், தாலி கட்டி முடித்து அட்சதையும் விழுந்திருக்கும்.

திருகாணி

நான் எதிர்க்கட்சி. லேத் பட்டறைக்காரன், அதனால் ஆணியைப் பற்றித்தான் பேசுவேன்.

இந்த ஸ்லிங்குகளில் பாதிக்கு மேல், கேமராவின் அடியில் ட்ரைபாட் மாட்டும் ஓட்டையில் ஒரே ஒரு ஆணியை நம்பி நிற்பவை. கால் அங்குல ஆணி, அங்குலத்துக்கு 20 புரி, அதாவது 20 திருகுச் சுற்று. அப்படியென்றால் ஒரு புரிக்கு 1.27 மில்லிமீட்டர். என் கேமராவில் அளந்தபோது ஆணி உள்ளே போனது நாலரை மில்லிமீட்டர். மூன்றரைச் சுற்று, அவ்வளவுதான். நடக்கும்போது கேமரா ஆடுகிறது, திரும்புகிறது. ஒரு திருப்பம் ஆணியை இறுக்கும், அடுத்தது தளர்த்தும். இறுகுவதற்கு ஓர் எல்லை உண்டு, தளர்வதற்குக் கிடையாது.

ஏட்டுக்கணக்கு என்று நினைக்க வேண்டாம். மூன்று வருடத்துக்கு முன் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போயிருந்தேன். காலையில் வீட்டில் இறுக்கி மாட்டியது. மதியம் ஆற்றுப் பாறையில் இறங்கும்போது 'டங்' என்று ஒரு சத்தம். பார்த்தால் தோளில் பெல்ட் இருக்கிறது, பெல்ட்டில் ஆணி இருக்கிறது, கேமராவைக் காணோம். லென்ஸின் முன்வளையம் நெளிந்து, கண்ணாடியில் விரிசல். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு ஒரு தடவைகூட ஆணியைத் தொட்டுப் பார்க்காதது என் தப்பு.

வண்ணாரப்பேட்டை வாலு

அண்ணாச்சி, கழுத்து பெல்ட் கழன்று விழுந்த கேமராவே உலகத்தில் இல்லையா? கேமராவின் பக்கவாட்டு வளையத்தில் நாடாவைக் கோத்து பக்கிளில் சரியாக மடக்காமல் விட்டு, மொத்தமாக உருவிக்கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் இந்தப் பஞ்சாயத்தே வேண்டாம். சின்ன மிரர்லெஸ் கேமரா, ஒரு 35 மி.மீ. லென்ஸ், மணிக்கட்டில் ஒரு கயிறு. பாளை மார்க்கெட் முழுக்கச் சுற்றினாலும் தோள் இருக்கிறதா என்றே தெரியாது.

கல்யாணக்கேமரா

வாலு, அந்த 35ஐ வைத்துக் கூந்தன்குளத்துக்குப் போனால் குளம் மட்டும்தான் படத்தில் வரும், பறவை வராது.

திருகாணி அண்ணாச்சிக்கு. நீங்கள் சொன்ன கணக்கு சரி, முடிவு தப்பு. கால் அங்குல இரும்பு ஆணி மூன்று கிலோவுக்கெல்லாம் முறியாது. பிரச்சினை தளர்வது மட்டும்தான். அதற்குத்தான் பிளாக்ரேப்பிட் மாதிரி கம்பெனி ஸ்லிங்குகளில் ஆணியின் கழுத்தில் ரப்பர் வாஷர் வருகிறது. ரப்பர் நசுங்குகிறவரை கையால் இறுக்கினால் அதுவே ஆணியைப் பிடித்துக்கொள்ளும். கொக்கியிலும் ஒரு சுழலும் வளையம் உண்டு, கேமரா திரும்பினால் வளையம்தான் சுழலும், ஆணிக்கு அந்த முறுக்கு அவ்வளவாகப் போகாது. நான் பேட்டரி மாற்றும்போதெல்லாம் ஆணியை விரலால் ஒரு தடவை திருகிப் பார்ப்பேன். எப்படியும் கேமராவைத் திருப்பித்தானே பேட்டரிக் கதவைத் திறக்கிறோம்! பன்னிரண்டு வருடத்தில் ஒன்றுகூட விழவில்லை, வே.

திருகாணி

விழாத வரைக்கும் எல்லோரும் கெட்டிக்காரர்தான், வே. ரப்பர் வாஷர் ஆயுள் முழுக்க வருமா? நம் ஊர் வெயிலில் பைக் பெட்டிக்குள் கிடக்கும் ரப்பர் ஒரு வருடத்தில் விறைத்துப்போகும். அதை மாற்றுகிறவர் எத்தனை பேர்? இன்னொன்று, உங்களிடம் பதில் இருக்கிறதா பார்ப்போம். மேலே ஃபிளாஷ் மாட்டியிருக்கும்போது கேமரா தலைகீழாகத் தொங்கினால் ஃபிளாஷ் எங்கே இருக்கும்?

கல்யாணக்கேமரா

சரி, அது ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஃபிளாஷ் தொடையில் இடிக்கும். பந்தி நடக்கும் இடத்தில் பெஞ்சுக்கு நடுவே நுழைந்தபோது ஒரு ஃபிளாஷின் காலே உடைந்துபோனது. இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் நல்ல வேளையாக வாளியை விலக்கினார். அன்றிலிருந்து ஃபிளாஷ் மாட்டிய பாடி கையில், ஃபிளாஷ் இல்லாதது இடுப்பில். ஜீன்ஸ் போட்டால் பெல்ட் பக்கிள் திரையில் உரசிக் கீறும், அதனால் திரைக்கு ஒரு கண்ணாடி ஒட்டிக்கொள்ள வேண்டும். வேட்டி கட்டினால் அந்தத் தொல்லையும் இல்லை.

குளத்துக்கொக்கு

தம்பி கேட்டது மூன்று கிலோவைப் பற்றி. இரண்டு பெரியவர்களும் பாடியின் அடி ஓட்டையைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். 200-500ஐ மாட்டிவிட்டுப் பாடியிலிருந்து தொங்கவிடவே கூடாது. லென்ஸ் எடை பாடியைப்போல மூன்று மடங்கு. பாடியில் தொங்கினால் அத்தனை எடையும் லென்ஸ் மாட்டும் வாயில் இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த லென்ஸில் ட்ரைபாட் வளையமும் கீழே ஒரு காலும் உண்டு. கொக்கி அந்தக் காலில்தான் மாட்ட வேண்டும். எடை நடுவில் விழுவதால் ஆட்டமும் குறையும். வளையத்தை இறுக்கும் திருகையும் மறக்காமல் பார். ஆணி இறுகியிருந்து வளையம் தளர்ந்திருந்தால் லென்ஸ் அதற்குள் உருளும். மூக்கு கீழே பார்த்துத் தொங்குவதால் ஜூம் தானாக நீண்டுகொண்டு போகும், 200இல் வைத்து ஜூம் பூட்டைப் போட்டுவிடு.

கூந்தன்குளத்துக்கு ஸ்லிங் நல்லதா? பாதி நல்லது. சரணாலயம் 129 ஹெக்டேர், கரையோரமாக நடந்தே ஆக வேண்டும். நடக்கிற நேரத்துக்கு ஸ்லிங் சுகம். ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும், அங்கே அண்ணாந்து பார்த்துக்கொண்டு கையில் பிடித்தபடியே நிற்கலாம். ஆனால் வரித்தலை வாத்து தண்ணீரோரம் மேயும்போது அதன் கண் மட்டத்துக்கு நாமும் குனிய வேண்டும். குனிந்த நொடியில் இடுப்பிலிருக்கும் மூன்று கிலோ முன்னால் ஊஞ்சலாடி வந்து முழங்காலில் இடிக்கும், இல்லையென்றால் கல்லில். அதனால் கொக்கிக்கு இரண்டு பக்கமும் பெல்ட்டில் தடுப்புக் கட்டை இருக்கிற ஸ்லிங்காகப் பார். குனிவதற்கு முன் ஒரு கையால் லென்ஸைப் பிடிக்கிற பழக்கமும் வேண்டும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை, கடைக்காரர் யாரும் சொல்ல மாட்டார். துப்பட்டா கொக்கிக்குள் போய்ச் சிக்கும். அது சிக்கினால் கேமரா பாதி வழியில் நின்றுவிடும், பறவை போய்விடும். நான் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்வேன்.

பேட்டைவாசி

அக்கா, லென்ஸ் கால் விஷயம் தெரியவே தெரியாது. நன்றி. ஆணிக்கு அந்த நீலப் பசை, மெக்கானிக் கடையில் திருகு தளராமல் இருக்க விடுவார்களே, அதில் ஒரு சொட்டு விட்டால் திருகாணி அண்ணாச்சியின் பயமும் தீர்ந்துவிடும் அல்லவா? அப்புறம் ஆன்லைனில் 350 ரூபாய்க்கே ஸ்லிங் வருகிறதே, எப்படி?

திருகாணி

தம்பி, பசையை லென்ஸ் பக்கமே கொண்டுபோகாதே. இரும்போடு இரும்பு சேருமிடத்துக்கு அது நல்லது. சில பிளாஸ்டிக்கில் பட்டால் வெடிப்பு விடும். உன் டி7500 உடம்பே கார்பன் நார் கலந்த பிளாஸ்டிக். நீலத்துக்குப் பதில் தெரியாமல் சிவப்பை விட்டுவிட்டால் சூடு காட்டித்தான் கழற்ற முடியும். லென்ஸைச் சூடு காட்டுவாயா?

350 ரூபாய் ஸ்லிங்கில் நாடா மோசமில்லை, பள்ளிக்கூடப் பை நாடா மாதிரிதான். கொக்கிதான் எமன். மேலே பளபளப்பு, உள்ளே துத்தநாக வார்ப்பு. என்னிடம் வந்த ஒன்றை வைஸில் பிடித்து முறுக்கினேன், பிஸ்கட் மாதிரி உடைந்தது. நாடாவை வைத்துக்கொள், கொக்கியை மாற்று. மலையேறுகிறவர்கள் வாங்குவதுபோல வாயில் திருகுப்பூட்டு உள்ள கொக்கி. அதோடு ஒரு காப்புக் கயிறு, கேமராவின் பக்கத்து வளையத்திலிருந்து பெல்ட்டுக்கு. ஆணி கழன்றாலும் கேமரா அதில் தொங்கும். இது இருந்தால் ஸ்லிங்கை நான் எதிர்க்க மாட்டேன். இல்லாமல் போடுகிறவரோடு பேச ஒன்றுமில்லை.

வண்ணாரப்பேட்டை வாலு

ஆணியே இல்லாத ஸ்லிங்கும் உண்டு. பீக் டிசைன் போன்ற கம்பெனி ஸ்லிங்குகளில் பக்கத்து வளையத்தில் சின்ன வட்டு கோத்த கயிறு மாட்டி, பெல்ட்டின் நுனியை அதில் சொருக வேண்டும். அந்த வட்டு ஒவ்வொன்றும் 90 கிலோ தாங்கும் என்று சொல்கிறார்கள். கயிறு தேய்ந்தால் உள்ளே வேறு நிறம் தெரியும், அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். விலையைப் பார்த்தால்தான் இருட்டுக்கடையில் எத்தனை கிலோ அல்வா வாங்கலாம் என்று மனசு கணக்குப் போடும்.

கல்யாணக்கேமரா

காப்புக் கயிறு நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் தேருக்கு என்ன சொல்கிறீர்கள் அண்ணாச்சி? ரதவீதியில் வடம் பிடிக்கிற கூட்டத்தில் கழுத்து பெல்ட் போட்டால், பின்னாலிருந்து ஒருவர் இழுத்தாலே கழுத்தை நெரித்துவிடும். ஸ்லிங்தான் சரி.

திருகாணி

தேருக்குப் பெரிய லென்ஸே வேண்டாம். வடம் இழுக்கும்போது கூட்டம் ஒரே மூச்சில் முன்னால் பாயும், முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கத்திக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் இடுப்பில் தொங்குகிற பொருள் நம் கண்ணில் படாது. யார் முழங்கை பட்டு பக்கிள் அமுங்குகிறது என்றும் தெரியாது. ஸ்லிங்தான் போட்டிருக்கிறாய் என்றால் பெல்ட்டைச் சுருக்கி கேமராவை வயிற்றுக்கு முன்னால் கொண்டுவந்து ஒரு கை அதன் மேலேயே வை.

குளத்துக்கொக்கு

இதில் அண்ணாச்சி பக்கம்தான் நான். பைக்கிலும் அப்படித்தான். பேட்டையிலிருந்து கூந்தன்குளம் வரைக்கும் ஸ்லிங்கில் தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டாதே, டேங்கில் இடித்துக்கொண்டே வரும். கேமராவை முதுகுப்பையில் போட்டு மாட்டிக்கொள். குளத்தங்கரையில் இறங்கிய பிறகு ஸ்லிங்.

பேட்டைவாசி

பழைய கழுத்து பெல்ட் கல்யாணத்தில் ஃபிளாஷ் மாட்டுகிற நாளைக்கு இருக்கட்டும். தேருக்கு நண்பனிடம் சின்ன 18-55 லென்ஸ் கேட்டிருக்கிறேன். ஸ்லிங்குக்கு நாடாவை டவுனில் பை தைக்கிற கடையில் கொடுத்து, நுனியில் பெருக்கல் குறி மாதிரி தைத்து வாங்கப்போகிறேன். கொக்கி தேடிக்கொண்டிருக்கிறேன். ஆணிதான் நல்லதாகக் கிடைக்கவில்லை.

திருகாணி

கடையில் தேடாதே. சனிக்கிழமை லென்ஸோடு பட்டறைக்கு வா, காலில் ஓட்டையின் ஆழம் அளந்து ஸ்டெயின்லெஸ்ஸில் ஒன்று கடைந்து தருகிறேன். அரை மில்லிமீட்டர்கூட வீணாகாமல் முழுப் புரியும் பிடிக்கும்.

கல்யாணக்கேமரா

அப்படியே எனக்கும் இரண்டு கடையும், வே. காசு தந்துவிடுவேன். கருத்து மாறவில்லை.