சர்ஜனா இருந்துகிட்டே ஆராய்ச்சியும் பண்ண முடியுமா? (மார்புப் புற்றுநோய்)

தக்கலைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில ஹவுஸ் சர்ஜன், வீடு தக்கலை பக்கம். சர்ஜரி போஸ்டிங் வந்த நாள்ல இருந்து மனசு அதுலயே கெடக்கு, எம்எஸ் முடிச்சு கேன்சர் சர்ஜரி படிக்கணும், அதுலயும் மார்புப் புற்றுநோய்தான்னு முடிவு பண்ணியாச்சு. ஆனா ஆபரேஷன் மட்டும் பண்ணிட்டு இருக்க எனக்கு இஷ்டமில்ல. ஒருத்திக்கு பத்து வருஷம் கழிச்சு ஏன் திரும்ப வருது, பக்கத்து பெட்ல கெடந்தவளுக்கு ஏன் வரல, இதுக்கெல்லாம் பதில் தேடணும். அப்பா சொல்லுதாவ, கத்தி பிடிக்கிய ஆளு கத்தி பிடிக்கணும், ஆராய்ச்சிய லேப்ல உள்ளவன் பாத்துக்கிடுவான், ரெண்டு தோணியில கால் வச்சா தண்ணியிலதான் விழணும்னு. இப்படி ரெண்டும் செஞ்சவங்க யாராவது உண்டுமா? அப்பாட்ட காட்ட எனக்கு ஒரு ஆளாவது வேணும்.

நாஞ்சில்_டாக்டர்:
உண்டும்மா. பெர்னார்ட் ஃபிஷர், பிட்ஸ்பர்க்ல சர்ஜன், 1918ல பிறந்து 2019ல 101 வயசுல இறந்தார். அவருக்கு முன்னால ஹால்ஸ்டெட்னு ஒரு அமெரிக்க சர்ஜன் சொன்னதுதான் வேதம்: கேன்சர் மார்புல இருந்து கக்கத்து நெறிக்கட்டிக்கு படிப்படியா போகும், அதனால மார்பு, அதுக்கு அடியில உள்ள தசை, நெறிக்கட்டி எல்லாத்தையும் சேத்து வெட்டி எடுன்னு. கிட்டத்தட்ட எண்பது வருஷம் இப்படித்தான் நடந்துச்சு. ஃபிஷர் லேப்ல விலங்குகளை வச்சு பாத்தப்ப நெறிக்கட்டி கேன்சர் செல்லை தடுத்து நிறுத்தல, செல் ரத்தத்துலயும் போகுது. அப்ப எவ்வளவு அகலமா வெட்டினா என்ன பிரயோஜனம்? அதை மனுஷங்கள்ட்ட சோதிக்க 1971ல ஒரு ட்ரயல் (பேஷண்ட்ஸை குழுவா பிரிச்சு சிகிச்சைகளை ஒப்பிட்டுப் பாக்கிய ஆய்வு), 1976ல இன்னொன்னு, ரெண்டாவதுல மொத்த மார்பையும் எடுக்கதுக்கும் கட்டிய மட்டும் எடுக்கதுக்கும் போட்டி. இருபது வருஷம் கழிச்சு பாத்தாலும் உயிர் பிழைக்கதுல வித்தியாசமே இல்ல. ஆனா ஒண்ணு, கட்டிய மட்டும் எடுத்து கதிர்வீச்சு குடுக்காம விட்டவங்கள்ல 39.2 சதவீதம் பேருக்கு அதே மார்புல திரும்ப வந்துச்சு, குடுத்தவங்கள்ல 14.3தான். இதை மறந்துட்டு "கட்டி எடுத்தா போதும்"னு யாரும் சொல்லக்கூடாது.
சக சர்ஜன்களே அவரை எதிர்த்தாங்க. 1994ல அவரோட ட்ரயலுக்கு ஆள் சேத்துக் குடுத்த மான்ட்ரியல் சர்ஜன் ஒருத்தர் பொய் டேட்டா குடுத்த விஷயம் வெடிச்சு, ஃபிஷரை தலைமைப் பொறுப்புல இருந்தே எறக்கிட்டாங்க. அந்த பேஷண்ட்ஸை முழுசா நீக்கிட்டு கணக்கு போட்டும் முடிவு மாறல, 1997ல அவர் மேல தப்பில்லன்னு ஆகி பல்கலைக்கழகமே மன்னிப்பு கேட்டுச்சு. நான் அவரை மதிக்கது இந்த மூணு வருஷத்துக்காகவும்தான்.

குழித்துறை மைனி:
மக்ளே, நான் டாக்டர் இல்ல, ஆனா இத வாசிச்சதும் கண்ணு நெறஞ்சிட்டு. எங்க பெரியம்மைக்கு 1992ல மார்பையும் கக்கத்து நெறிக்கட்டியையும் மொத்தமா எடுத்தாவ. உயிரு தப்பிச்சு, ஆனா அந்தக் கை வீங்கி ஜம்பர் (ரவிக்கை) கையே ஏறாது, அண்டி ஆபீஸ்ல முந்திரிப் பருப்பு ஒடச்ச கை அது, அதோட வேலை போச்சு. கைய முந்தானைக்குள்ள வச்சிட்டே கல்யாண வீட்டுக்கு வருவா. 2016ல சித்திக்கு வந்தப்ப கட்டிய மட்டும் எடுத்தா போதும்னு டாக்டர் சொல்ல, வீட்டுல ஒரே சண்டை, முழுசும் எடுத்தாத்தான் நிம்மதின்னு மாமா ஒத்தக்கால்ல நின்னாவ. பிறகு அஞ்சு வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை, காலைல பஸ் பிடிச்சு திருவனந்தபுரம் போய் கரண்ட், அதான் அந்த கதிர்வீச்சு, வச்சிட்டு வருவோம், நான்தான் கூடப் போவேன். களியக்காவிளை தாண்டுனதும் சித்தி தூங்கிருவா. இப்ப சித்தி நல்லா இருக்கா, ரெண்டு கையாலயும் மாவு பிசையுதா. இதுக்கு பின்னால ஒரு சர்ஜன் இருபது வருஷம் கணக்கு பாத்துட்டு இருந்தாருன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்.

மார்த்தாண்டம்_பிஜி:
நம்ம நாட்டுலயும் ஆளு உண்டு, அப்பாட்ட இவரைக் காட்டு. மும்பை டாடா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரி ராஜேந்திர பட்வே, அவரும் சர்ஜன்தான். கட்டிய எடுக்கதுக்கு 7-10 நிமிஷம் முன்னால சுத்தி லிக்னோகெயின் ஊசி, பல்லு புடுங்க போடுவாவளே அதே மரத்துப்போற மருந்து, அது போட்டா என்ன ஆகும்னு இந்தியாவுல 11 சென்டர்ல 1600 பேர்ட்ட பாத்தாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க, ஊசி போடாத குழுவுல 86.4 சதவீதம், போட்ட குழுவுல 90.1. 2023ல வெளியாச்சு. மருந்து எவ்வளவு மலிவுன்னு உனக்கே தெரியும். இந்த யோசனை ஆபரேஷன் தியேட்டர்ல நிக்கியவனுக்குத்தான் வரும், வெட்டுற அந்த நிமிஷத்துல செல்லுக்கு என்ன ஆகுதுன்னு லேப்ல மட்டும் இருக்கவன் எதுக்கு யோசிக்கப் போறான்? அதே பட்வே 2015ல, உடம்பெல்லாம் பரவின பிறகு மார்புல உள்ள கட்டிய வெட்டி எடுத்தா ஆயுசு கூடாதுன்னும் காட்டினார். தன் கைத்தொழில் இங்க வேண்டாம்னு சொல்ல ஒரு சர்ஜனுக்கு எவ்வளவு மனசு வேணும்.

தக்கலைக்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மைனி எழுதினத அம்மைக்கு சத்தமா வாசிச்சேன், அப்பா திண்ணையில இருந்து கேட்டுட்டே இருந்தாவ, ஒண்ணும் சொல்லல. ராத்திரி சோறு தின்னும்போ, "அந்த ஊசி ஆசாரிபள்ளத்துல போடுதாவளா"ன்னு கேட்டாவ. நாளைக்கு எங்க யூனிட் சீஃப்ட்ட கேக்கணும். மைனி, பெரியம்மை கை வீக்கம் இப்பவும் இருக்கா? பிசியோதெரபி காட்டினீங்களா, கட்டு போட்டு குறைக்க வழி உண்டு, வேணும்னா எனக்கு மெசேஜ் அனுப்புங்க.